ஜல்ஜல் வரும்வரை

என் வீட்டுக்காரருக்கு ஓட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரோ பதக்கம் வாங்கிய ஆளின் கதை என்று நினைத்து ஏமாந்து போகாதீர்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால்கூட, பஸ் போய்ப் புகை அடங்கிய பிறகுதான் நிறுத்தத்துக்கு வந்து சேருவார். அப்படிப்பட்ட மனிதர் ஐம்பது தாண்டிய வயதில் ஷூவை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஓடப் போனார். அந்த ஓட்டத்தால்தான் எழுந்து உட்கார்ந்தார். அவரை எழுப்பி உட்கார வைத்தவர்களே அப்புறம் அவரை அம்போ என்று விட்டுவிட்டுப் போனார்கள். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

அவர் லிப்ட் மெக்கானிக். அந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் மேலே மோட்டார் அறையில் நிற்பார், இன்னொருவர் குழிக்குள் லிப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பார். மேலே இருப்பவர் "நகர்த்தட்டுமா?" என்று கத்துவார். கீழே இருப்பவர் "நகர்த்து!" என்று திருப்பிக் கத்த வேண்டும். பதில் வராமல் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. குழிக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவார். அவர் ஏறி வந்து பூட்டைத் திறக்கும்வரை, கட்டடத்தில் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதர் குதித்தாலும் லிப்ட் நகராது. "சாவி யார் பையில இருக்கோ, அவன் வர்ற வரைக்கும் எல்லாரும் நின்னுதான் ஆகணும்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். அவர் வாழ்க்கையில் அவருக்காக யாராவது நின்றார்கள் என்றால் அது அந்தக் குழிக்குள் இருந்தபோதுதான்.

பிறகு, பழுதைத் தானே சொல்லிவிடுகிற புது லிப்டுகள் வந்தன. அவருடைய கூட்டாளியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவரை ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார வைத்து, முன்னால் ஒரு திரையையும் ஒரு போனையும் வைத்தார்கள். எங்கேயாவது லிப்ட் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர் மணியை அழுத்துவார், இவர் பேச வேண்டும். "பதறாதீங்க. ஆள் வந்துட்டிருக்கு. நான் லைன்லயே இருக்கேன்." நாள் முழுக்க இதே வசனம். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் ஆள் வருகிறது என்று தைரியம் சொன்ன மனிதர், வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல."

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப எந்திரிச்சு உக்காருங்களேன். அந்தச் சுவத்துல அப்படி என்னதான் ஓடுது?"

திரும்ப மாட்டார். சண்டை போட்டாவது திருப்பலாம் என்று பார்த்தேன், சண்டைக்கும் ஆள் கிடைக்கவில்லை. வெளியூரில் படிக்கிற மகள் போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டுவார். ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் சோப்போடு அப்படியே கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார். நான் போய்த் தொடும்வரை அசையவில்லை. அன்றைக்கே கையைப் பிடித்து மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் நல்லவர். மாத்திரை எழுதினார். எழுதிவிட்டு, "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். உடம்பு அசையணும். தனியா இல்ல, நாலு பேரோட" என்றார்.

இவர் அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார். தனியாக ஓடினார். போனதைவிட மோசமாகத் திரும்பி வந்தார். "தனியா ஓடினா மண்டைக்குள்ள இருக்கறதும் கூடவே ஓடி வருது" என்றார். அத்தனை மாதத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது. நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரி. அதைச் சுற்றி ஒரு பாதையும், முன்னால் இரும்புக் கேட் வைத்த பூங்காவும் உண்டு. விடிந்தும் விடியாததுமாக எட்டுப் பேர் அங்கே சேர்ந்து ஓடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் டவுன் பஸ் டிரைவர். முகத்தில் பாதி மீசை என்பதால் பெயரே மீசை. இவர் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்து, "வாங்கண்ணே, ஒண்ணா மூச்சு வாங்கலாம்" என்று கூப்பிட்டது அவர்தான். அதற்காக அந்த மனிதருக்கு என் வணக்கம். அந்த ஒன்றுக்காக மட்டும்.

ஓடுகிறவர்கள் வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு நாள் தையல் கடை அக்காவின் சாவி ஏரிக்கரைப் புல்லில் விழுந்து, எல்லோரும் குனிந்து தேடியிருக்கிறார்கள். மறுநாள் இவர் தன் பழைய வேலைப் பையை, ஸ்பேனரும் திருப்புளியும் போட்டு இடுப்பில் கட்டுகிற அந்தத் தோல் பையை, பரணிலிருந்து எடுத்துத் துடைத்தார். "எல்லார் சாவியையும் எங்கிட்ட குடுங்க. நான்தானே கடைசியா வரப்போறேன், எங்க ஓடிடப் போறேன்?" என்று கேட்டிருக்கிறார். லிப்ட்காரர் புத்தி, சாவியை விட்டு எங்கே போகும்!

எட்டு வீட்டுச் சாவியும் இடுப்பில் குலுங்க இவர் ஓடினால் அரைப் பாதைக்குச் சத்தம் கேட்கும். அதனால் ஜல்ஜல் என்று பெயர் வைத்தார்கள். சாவி இல்லாமல் யாரும் வீட்டுக்குள் போக முடியாது. ஆகவே ஓட்டம் முடிந்த எட்டுப் பேரும் கேட்டில் நின்று, டீ குடித்துக்கொண்டு, இவருக்காகக் காத்திருப்பார்கள். கடைசி வளைவில் ஒரு பம்ப் ரூம் உண்டு. அது வந்ததும் இவர் பழைய பழக்கத்தில் "வரட்டுமா?" என்று கத்துவார். கேட்டிலிருந்து எட்டுப் பேரும் "வா!" என்று கத்துவார்கள். என் சமையலறை ஜன்னல் வரைக்கும் கேட்கும். தோசைக் கரண்டியோ துடைப்பமோ, கையில் எது இருந்தாலும் அப்படியே நிறுத்திவிட்டு அந்த "வா"வுக்காகக் காத்திருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்றாடம் உயிர் வந்தது அந்தச் சத்தத்தில்தான்.

"பெரிய அதிகாரி கை காட்டினாகூட ஸ்டாப் இல்லாத இடத்துல நான் பஸ்ஸ நிறுத்தினதில்ல. உனக்காக தினம் நிக்கறேன் பாரு ஜல்ஜல், என் தலையெழுத்து!" என்று மீசை சொல்வாராம். இவர் சாப்பிடும்போது அதை மீசையின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். மீசையின் ஜோக்குகள் மகா மட்டம். ஒரே ஜோக்கைச் சட்டை மாற்றி மாற்றிச் சொல்கிற ஆள். ஆனால் இவர் சொல்லும்போது நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முகம் என் பக்கம் திரும்பி ஜோக் சொல்கிறது, எனக்குச் சிரிக்க அது போதாதா?

ஜோக் மட்டுமில்லை. இவர் பின்தங்குவதற்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, அதனால் வாய் திறக்கிறது போலிருக்கிறது. சுவரைப் பற்றி, பாதிச் சவரத்தில் நின்றது பற்றி எல்லாம் மீசையிடம் சொல்லியிருக்கிறார். "எனக்கும் ஒரு ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மீசை தன் பாட்டுக்கு ஓடியிருக்கிறார். கட்டின பெண்டாட்டி கேட்டதற்கு வராத பதில் ஒரு பஸ் டிரைவருக்கு வந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இருந்தால் என்ன, டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பொறாமையை மென்று விழுங்கிவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில்தான் கடிகாரம் வந்து சேர்ந்தார். ஏதோ ஆபீசில் மேனேஜர். ஓடும்போது மணிக்கட்டைப் பார்ப்பார், நிற்கும்போது மணிக்கட்டைப் பார்ப்பார், டீயைக்கூட மணிக்கட்டைப் பார்த்துத்தான் குடிப்பார். கெட்டவரில்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாருமே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். "நாம ஏன் நகரப் போட்டியில ஓடக்கூடாது?" என்று அவர் கேட்டார். எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. நேரத்தை முன்னால் தள்ளினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள். ஒரே நிறத்தில் பனியன் வந்தது. பனியனின் பின்பக்கம், இடுப்புக்கு மேலே, ஜிப் வைத்த சின்னப் பை. சாவிக்கு. தைத்தது அந்தத் தையல் கடை அக்காதான்.

இவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். மடித்துக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். "அப்பாடா, இனிமே பாரம் இல்ல" என்றார். தோல் பையை மட்டும் பரணில் போடவில்லை, கதவுக்குப் பின்னால் மாட்டினார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து ஜன்னலில் "வா" கேட்கவில்லை. கேட்டதற்கு, "இப்ப அந்தப் பக்க கேட்ல நிக்கறோம்" என்றார். நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பேன்? தினமும் திரும்பி வரும்போது சட்டை நனைந்திருக்கிறது, முகத்தில் ஈரம் இருக்கிறது, சாப்பிட உட்கார்ந்தால் கதை கொட்டுகிறது. கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே மரத்தில் முட்டிய கதை. மீசை பஸ் ஓட்டுகிற நினைப்பில் ஓடும்போது வாயாலேயே ஹாரன் அடித்த கதை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மீசையின் ஜோக்குகள் திடீரென்று நன்றாக இருந்தன.

ஒரு நாள் ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்கக் கொடுக்கத் தையல் கடைக்குப் போனேன். அன்றைக்குக் காலையில்தான் அந்த அக்கா ஏரிக்கரையில் வழுக்கி மீசைமேல் விழுந்து, இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்த கதையை இவர் சொல்லியிருந்தார். அக்கா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"கால் எப்படிக்கா இருக்கு? வீக்கம் ஏதும் இல்லையே?"

மெஷின் நின்றது. "என் காலுக்கு என்ன?"

"காலையில விழுந்தீங்களாமே…"

"நான் எங்கம்மா விழுந்தேன்? யார் சொன்னா?" என்றவர் என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "அவர் இப்பல்லாம் வர்றாரா? நாங்க சீக்கிரமே கிளம்பிடறோம். பார்த்து ரொம்ப நாளாச்சு. நல்லா இருக்காரா?"

திரையை அவர் கையில் திணித்துவிட்டு வந்தேன். அளவு சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

மறுநாள் அவர் கிளம்பியதும் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். பூங்கா கேட்டில் யாரும் இல்லை. எல்லோரும் ஓடி முடித்து எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள். இவர் இடுப்பில் அந்தத் தோல் பை இருந்தது. காலியான பை, எதற்கு என்று கேட்கிறீர்களா? எனக்கும் தெரியாது. கொஞ்ச தூரம் ஓடினார். பம்ப் ரூம் பக்கம் போய் நின்றார். "வரட்டுமா?" என்றார். கத்தவில்லை, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார். பதில் வராமல் கை வைக்காத தொழில்காரர் இல்லையா, அங்கிருந்து நகரவே இல்லை. பிறகு ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எனக்குச் சொல்ல வேண்டிய கதையைத் தயார் செய்கிறார் என்று புரிந்தபோது, பாவி மனுஷா என்று எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டேன். கிளம்பும் நேரம் வந்ததும் குழாயடிக்குப் போனார். கையில் தண்ணீர் பிடித்து முகத்தில் அடித்து, சட்டையின் கழுத்திலும் முதுகிலும் பார்த்துப் பார்த்து நனைத்துக்கொண்டார்.

நான் குறுக்குச் சந்தில் ஓடி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டார். கடிகாரத்தின் கைக்கடிகாரம் ஏரியில் விழுந்த கதையைச் சொன்னார். நல்ல கதை. சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் போய் மீசையைப் பிடித்தேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன அண்ணி, இவ்வளவு தூரம்?"

"எங்க வீட்டுக்காரர ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

"ஐயோ, நாங்க எங்க விட்டோம்? நேரம் மாத்தினப்ப அவர்கிட்டயும் சொன்னோமே. அவர்தான் 'நீங்க முன்னாடி போங்க, நான் மெல்ல வரேன்'னாரு."

"அவர் சொன்னா? தினமும் கேட்ல நின்னீங்களே, அது எதுக்கு? சாவிக்குத்தானா?"

மீசை தன் மீசையைத் தடவிக்கொண்டார். ஆளில்லாத பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "சாவிக்குத்தான் நின்னோம் அண்ணி. நின்னப்புறம் நல்லா இருந்துச்சு. ஆனா சாவி இல்லன்னதும்… யாருக்கும் தோணல. சத்தியமா தோணல." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நாளைக்கே எல்லாரையும் நிக்கச் சொல்றேன்."

"வேண்டவே வேண்டாம்" என்றேன். பாவம் பார்த்து எட்டுப் பேர் நின்றால், இவர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அதே ஆறுதல் குரலில் பேசிச் சம்பளம் வாங்குகிறவர் அவர், அவரிடமே அந்தக் குரலில் பேசினால் தெரியாதா? அப்புறம் வாசலைத் தாண்ட மாட்டார். திரும்பவும் சுவர்தான். "நான் வந்ததே அவருக்குத் தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஒரு ஜிப் வைத்த பைக்கு இருக்கிற விலை ஒரு மனிதருக்கு இல்லையே.

மறுநாள் அவர் வழக்கமாக எழுந்திருக்கும் நேரத்துக்கு வெகு முன்பே நான் தயாராகி, அவரையும் எழுப்பிவிட்டேன். மகள் விட்டுப் போன பழைய விளையாட்டுப் பேன்ட், அவளுடைய ஷூ. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது, மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டினாற்போல் இருந்தேன். அவர் வாயைப் பிளந்து பார்த்தார்.

"நீ எங்க?"

"டாக்டர் சர்க்கரை இருக்குன்னுட்டாரு. ஓடியே ஆகணுமாம்." அவர் எனக்கு எத்தனை பொய் சொல்லியிருக்கிறார், நான் ஒன்று சொன்னால் என்ன?

"எப்ப சொன்னாரு?"

"சொன்னாரு, விடுங்க. கதவப் பூட்டுங்க. சாவிய நீங்க வச்சுக்கோங்க, இந்தப் பேன்ட்ல பாக்கெட் இல்ல."

அவர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோல் பையைத் திறந்து சாவியை உள்ளே போட்டார்.

"நான் பாதியில திரும்பிடுவேன். நீங்க முழுசா சுத்திட்டு வாங்க. கேட்ல நிக்கறேன்" என்றேன்.

பாதி என்ன, பாதியில் பாதிக்கே எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. முழங்கால் கழன்று தனியாக வந்துவிடும் போலிருந்தது. எப்படியோ திரும்பி வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் வந்து சேர்ந்தது. கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். ஒவ்வொருவராக முதுகுப் பக்கம் கையை விட்டு ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்தார்கள். தையல் அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மீசை மட்டும் நிற்கலாமா போகலாமா என்று தயங்கினார். போங்கள் என்று கண்ணைக் காட்டினேன். போய்விட்டார்.

ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வருவாரா, இல்லை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாரா? குழாயடிக்குத்தான் போயிருப்பாரா? அப்போது பம்ப் ரூமுக்குப் பின்னாலிருந்து கேட்டது, "வரட்டுமா?"

பெரிதாக இல்லை, ஆனால் கத்தல்தான். நடைபயிற்சிக்கு வந்திருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். புருஷனை "வா" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "வாங்க!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது.

வந்தார். வியர்வையிலேயே நனைந்திருந்தார். முட்டியில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிவிட்டு நிமிர்ந்தார். மனிதருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சாவிக்குத்தான் நின்னியா?" என்றார்.

உங்களுக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்ப மாட்டார். அந்த நம்பிக்கையைத்தான் எட்டுப் பேர் ஜிப் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே.

"பின்ன? உங்க அழகப் பாக்கவா?" என்றேன்.

சிரித்தார். அன்று காலை சாப்பிடும்போது கதை எதுவும் சொல்லவில்லை. கை கழுவ எழுந்திருக்கும்போது சொன்னார்: "நாளைக்கு பீரோ சாவியையும் குடு. ஒத்தச் சாவி சத்தமே போடல."

கொடுத்தேன். பீரோ சாவி, பெட்டிச் சாவி, எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாமல் கிடந்த துருப்பிடித்த சாவிகள் எல்லாம் தேடித் தேடிப் பையில் போட்டேன். தினமும் கேட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன். எட்டு வீட்டுச் சத்தம் அதில் வரவில்லை.